மறுநாள் டிக்கெட்

அக்காவுக்கு,

அடுத்த மாதம் எட்டாம் தேதி உன் ஊருக்கு வருகிறேன், தனியாக. மூன்று வாரம் போனில் தேடி, இரண்டு விமானம் மாறினால் பாதி விலைதான் என்று கண்டுபிடித்தேன். நடுவில் பதினொரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

"தனியா போய் முழிக்கப் போறே" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாப்பது பிள்ளைங்கள தினமும் ஸ்கூல் பஸ்ல வீடு சேர்க்கிறேன். என்னைச் சேர்த்துக்க மாட்டேனா?" என்றேன்.

அம்மா இறந்த அன்று, "நாளைக்கே வர டிக்கெட் எடுக்க முடியலடி" என்று அழுதாய். "சாக்கு சொல்லாதே" என்று போனை வைத்த நான், ஆறு வருடம் உன்னோடு பேசவில்லை.

இப்போது தேடும்போது மறுநாள் டிக்கெட்டின் விலையையும் பார்த்தேன், அக்கா. என் ஐந்து மாதச் சம்பளம்.

விமான நிலையத்துக்கு வர வேண்டாம், நானே வழி கேட்டு வந்துவிடுவேன். கதவை மட்டும் திற.

உன் ஒரே தங்கை