ஆயா வைத்த அடையாளம்

விருத்தாசலம்
10.6.2006

அன்புள்ள அமுதவள்ளிக்கு,

தாத்தா மாணிக்கவேல் ஆசியுடன் எழுதுவது. போனில் நீ பேசுவது என் காதில் பாதிதான் விழுகிறது. மீதியை நானே இட்டுக்கட்டிக்கொள்கிறேன். அதனால்தான் கடிதம்.

குஜராத்துக்குப் பயிற்சிக்குக் கிளம்பும்போது, "ஆறே மாசம் தாத்தா, ஓடி வந்துடுறேன்" என்று ஸ்டேஷனில் என் கையில் அடித்துச் சொன்னாய். ஜூலை பத்தாம் தேதியோடு ஆறு மாதம் முடிகிறது. முப்பது வருடம் பெண்ணாடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். யார் எங்கே இறங்க வேண்டும் என்பது எனக்கு மறக்காது.

நீ படித்த செராமிக் படிப்புக்கு இங்கே வேலையா இல்லை? நம்ம ஊர் பீங்கான் தொழிற்பேட்டையில் கம்பெனி வைத்திருக்கும் கலியமூர்த்தியிடம் சொல்லி வைத்துவிட்டேன். "பொண்ண அனுப்புங்க, மறுநாளே சேத்துக்கறேன்" என்றார். உன் அறைக்குப் பெயிண்டும் அடித்தாயிற்று. பச்சை பிடிக்குமா என்று கேட்கவில்லை. பிடித்துக்கொள்.

உன் ஆயா சரியாகவே சாப்பிடுவதில்லை. நாலு வயதில் தாயில்லாமல் வந்த பேத்தியை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள். அவளுக்காகவாவது டிக்கெட் எடுத்துவிடு.

இப்படிக்கு
உன் தாத்தா


மோர்பி
17.6.2006

பிரியமுள்ள தாத்தாவுக்கும் ஆயாவுக்கும்,

அமுதா எழுதுவது. ஆயா சாப்பிடுவதில்லை என்று எழுதிய கடிதத்தின் ஓரத்தில் மீன் குழம்புக் கறை. மோர்பி வரைக்கும் மணக்கிறது. பொய் சொல்வதென்றால் காகிதத்தையாவது மாற்றியிருக்கக் கூடாதா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். என்னை இங்கே நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்கள். சூளையிலிருந்து வரும் டைல்ஸைத் தரம் பார்த்துப் பிரிக்கும் பிரிவு முழுக்க என் பொறுப்பு. ஜூலை ஐந்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு ஆசை, தாத்தா. ரொம்ப ஆசை. இந்த வேலையை நான் நன்றாகச் செய்வேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் கையில் அடித்துச் சொன்னவள் நான். அந்த வார்த்தையை நீங்கள் திருப்பிக் கொடுக்காமல் பேனாவைத் தொட மாட்டேன். வரச் சொன்னால் வருவேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் வருவேன். சரி, ஒரு வாரம் வைத்துக்கொள்வேன்.

ஆயாவுக்கு ஒரு செய்தி. போன ஞாயிறு மத்தியானம் ஹாஸ்டலில் ஃபேன் நின்றுவிட்டது. மெயினை அணைத்துவிட்டுப் பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். அதன் அடியில் இரண்டு பிறை, முதுகோடு முதுகாக! நம்ம ஊர் பீங்கான் கம்பெனியில் ஈரக் கட்டைகளுக்குப் பிசிறு எடுத்து முடித்ததும், சூளையில் சுடுவதற்கு முன்னால், ஆயா கட்டைவிரல் நகத்தால் அழுத்தி வைக்கிற அதே அடையாளம். ஆயாவுக்கு மத்தியானச் சோறு கொண்டுபோகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேனே. பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் தங்கம்மாள் பெரியம்மா வைப்பது ஒரு கோடு, ஆயா வைப்பது இரண்டு பிறை. நான்தான் இவ்வளவு தூரம் தனியாக வந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். எனக்கு முன்னாலேயே ஆயாவின் கை இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். ஃபேன் இல்லாமல் அறையில் இருந்தவர்கள் கத்தியதும்தான் மாட்டினேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
அமுதா


விருத்தாசலம்
26.6.2006

அமுதா,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நேற்றுத்தான் உன் ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். வேலை கிடைத்ததைச் சொல்லும் வரிகளைப் படிக்காமல் தாண்டிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

முதலில் ஒரு உண்மை. அவள் நன்றாகத்தான் சாப்பிடுகிறாள். அந்தக் குழம்பு அவள் தட்டிலிருந்து தெறித்தது. சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தவன் நான். உன்னை விட மனசில்லாதவன் நான். அதை அவள் தலையில் போட்டு எழுதினேன்.

ஃபியூஸ் கட்டை வந்த இடத்தில், "இன்னொரு வாட்டி படிங்க" என்றாள். படித்தேன்.

"அந்த அடையாளம் எதுக்கு வைக்கிறோம்னு தெரியுமா ஒங்களுக்கு?"

எண்ணிக்கைக்கு என்றேன். சிரித்துவிட்டாள்.

"எண்ணிக்கைக்கா! சரக்கு பழுதுன்னு திரும்பி வந்தா, யாரு கை பட்டதுன்னு கண்டுபுடிக்கத்தான். இருவது வருசமா வைக்கிறேன். தங்கம்மாளுது வந்துருக்குது, பாஞ்சாலையுது வந்துருக்குது. நான் அடையாளம் வச்சது ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. எம்பேத்திய மட்டும் எதுக்குங்க திரும்பி வரச் சொல்றீங்க?"

கண்டக்டர் வாயை அடைத்தவள் இந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான். அப்புறம் அவள் கொஞ்சம் அழுதாள். நானும்தான். பிறகு இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் ரெண்டு தரம் சோறு கேட்டேன்.

நீ கையில் அடித்துச் சொன்ன வார்த்தையை இதோ திருப்பிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடு. கலியமூர்த்தியிடம் நானே பேசிக்கொள்கிறேன். பச்சை அறையில் இனி நான் படுத்துக்கொள்கிறேன். எனக்குப் பச்சை பிடிக்கும். உனக்குக் கெடு இருப்பதால் இதை விரைவுத் தபாலில் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று. அன்றைக்கு ஸ்டேஷனில் "போயிட்டு வா" என்று சொல்லி அனுப்பினோம். அதை மாற்றி எழுதச் சொல்கிறாள் உன் ஆயா. பக்கத்தில் நின்று விரலால் வரியைக் காட்டுகிறாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"பொங்கலுக்கு வந்துட்டுப் போ."

இப்படிக்கு
உன் தாத்தா, ஆயா