தெருமுனையில் இருந்த மருந்து

செவ்வாய்க்கிழமை.

என் மனைவி சாந்தியின் புற்றுநோய் வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த கஞ்சா இலை எண்ணெய் இன்று மதியம்தான் கூரியரில் வந்தது. நான்கு நாளாகிவிட்டது. டாக்டர் சீட்டைக் காட்டினால் தெருமுனை ஆயுர்வேதக் கடையிலேயே சட்டப்படி கொடுப்பார்கள். ஆனால் கடைக்காரர் சாந்திக்குத் தம்பி முறை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில், சொந்தக்காரர் கடையில் போய் நின்று கஞ்சா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடையில் இல்லையாம் என்று சாந்தியிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்கே வரும்படி போனில் ஆர்டர் போட்டேன். நான்கு இரவும் அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

சாயங்காலம் பஞ்சு வாங்க அந்தக் கடைக்குப் போனேன். நாலு பேர் நிற்கும்போதே அவர் சத்தமாகக் கேட்டார்.

"மாமா, அக்காளுக்கு வலி எப்படிங்க இருக்குது? எங்கப்பனோட வலிக்குக் கஞ்சா எண்ணெய்தானுங்க கேட்டுச்சு. ஒரு வார்த்தை சொல்லுங்க, ஊட்டுக்கே கொண்டாந்து குடுத்துப்போடறேன்."

யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சற்று முன், டாக்டர் சொன்னபடி படுக்கும் நேரத்தில், சாந்தியின் நாக்கடியில் எண்ணெயைச் சொட்டு விட்டேன்.

"ஒருவழியா கடைக்கு வந்துருச்சுங்களா? எனக்காக எத்தனை நடை நடந்தீங்களோ, பாவம்" என்றாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.