எரியவில்லை என்கிறார் உன் அப்பா

அன்பு மகன் தமிழ்வேந்தனுக்கு, மரக்காணத்திலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு பேச்சை மாற்றுகிறார். நம் தெரு கார்த்திகேசன் லீவு முடிந்து நாளைக்கு அங்கே கிளம்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதம் உப்பளத்தில் அப்பாவுக்குக் கால் கட்டைவிரல் அடியில் கிளிஞ்சல் கிழித்துவிட்டது. முன்பெல்லாம் சின்னக் கீறலில் பாத்தித் தண்ணீர் பட்டாலே குதிப்பாரே, இந்த முறை ஒன்றுமே இல்லை. "கொஞ்சம்கூட எரியல சுலோ, உப்புத்தண்ணியே புண்ணை ஆத்திடுச்சு" என்று என்னிடம் சொன்னது போதாமல் டீக்கடை வரைக்கும் போய்ப் பெருமை பேசினார். போன வாரம் பார்த்தால், நான் கழுவிவிட்ட தரையில் அவர் நடந்த இடமெல்லாம் ரத்தத் திட்டு. அவருக்கே தெரியவில்லையப்பா. உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். நர்ஸ் பூங்குழலி அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுத் தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றால் பாதத்தில் அங்கங்கே அழுத்தினாள். "ஏம்மா, எப்ப ஆரம்பிக்கப் போற?" என்கிறார் இவர். அவள் ஐந்தாறு இடம் தொட்டு முடித்திருந்தாள். ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாம். எத்தனை நாளாக இருந்ததோ, கால் மரத்துப் போகிற வரைக்கும் எங்களுக்குத் தெரியவில்லை. "எரியலன்னா ஆறிடுச்சுன்னு நினைக்காதீங்க, வலி தெரியாம இருக்குது பாருங்க, அதான் ஆபத்து" என்றாள். புண் ஆறும்வரை காலைத் தண்ணீரில் வைக்கக் கூடாது, மீறினால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கேட்டாரா? மழைக்கு முன்னால் உப்பை வாரி முடிக்கணும் என்று, காலில் போட்ட கட்டின்மேல் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு இன்றைக்கு விடியும்போதே போய்விட்டார். என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து வாசலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன், அடுப்பில் குழம்பு தீய்ந்தே போய்விட்டது. இதோ வண்டிச் சத்தம், கொஞ்சம் இரு.

வந்துவிட்டார். கவரை நான்தான் அவிழ்த்தேன். உள்ளே உப்புத்தண்ணீர் தேங்கி, கட்டு ஊறிப் போயிருக்கிறது. எரியுதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே இல்லை என்கிறார். எனக்கு அழுகைதான் வந்தது.

நான் சொன்னால் நச்சரிப்பு, நீ சொன்னால் கேட்பார். எடுத்த எடுப்பில் வேலைக்குப் போகாதீங்க என்று ஆரம்பிக்காதே, கோபம் வந்துவிடும். நீயும் அங்கே ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள், நாள் முழுக்க பூட்ஸ் போடுகிறவன், கழற்றியதும் உள்ளங்காலைத் திருப்பிப் பார். பெருமுக்கல் சாமி உனக்குக் குறையில்லாமல் வைக்கட்டும். இது கிடைத்த அன்றைக்கே வீடியோவில் கூப்பிடு, தினமும் கூப்பிடு. அப்பா முகத்தைத்தான் காட்டுவார், நல்லாத்தான் இருக்கேன்டா என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஏமாந்துவிடாதே. காலைக் காட்டச் சொல்.

உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
சுலோசனா