கர்த்தர் யாரிடம் சொன்னார்?

மார்ச் 4

கிறிஸ்துவுக்குள் அன்பான என் வீட்டுக்காரருக்கு,

நானும் பாப்பாவும் சுகம். அவளுக்குச் சளி விட்டுவிட்டது, வாய்தான் விடவில்லை. "அப்பா எப்பம்மா வருவாரு?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிறாள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. "மாதக் கடைசிக்குள் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வா, கர்த்தர் சொல்லிவிட்டார்" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். நாலு மாதத்துக்கு முன்னால் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு, வெல்டிங் பட்டறை போட அந்த ஊருக்குக் கிளம்பியபோதும் இதையேதான் சொன்னீர்கள். அதற்குமேல் நான் என்ன பேச? வாயைத் திறந்தால் ஆண்டவரையே எதிர்த்ததாக ஆகிவிடும். பேசாமல் பெட்டி அடுக்கிக் கொடுத்தேன். இப்போது கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

என் வகுப்பில் காது கேளாத பிள்ளைகள் ஒன்பது பேர். போன வாரம் ஒரு சின்னப் பெண் என் தொண்டையில் கைவைத்து, அதிர்வைப் பிடித்துக்கொண்டு, முதல்முறையாக "அம்மா" என்றாள். இவர்களை விட்டு வரவேண்டுமென்றால், அந்தக் கர்த்தர் என்னிடமும் ஒரு வார்த்தை சொல்லட்டும்.

நம் வீட்டு வியாழன் ஜெபக்கூட்டத்தில் அப்போஸ்தலர் நடபடிகளில் அந்தியோகியா சபையைப் பற்றி வாசித்தோம். ஐந்து பேர் கூடி உபவாசமிருந்து ஆராதித்தபோது ஆவியானவர் பேசினார். ஊழியத்துக்குப் புறப்படவேண்டிய சவுலை மட்டும் தனியே கூப்பிட்டுக் காதில் சொல்லி அனுப்பவில்லை. "ஏன் டீச்சர், அந்த அஞ்சு பேரும் வீட்ல கேட்டுட்டா முடிவு பண்ணாங்க?" என்றார் கண்டக்டர் அண்ணன். "கேட்டிருந்தா இன்னும் சீக்கிரமா கிளம்பியிருப்பாங்க" என்றார் தையல்கார அக்கா. சிரித்துச் சிரித்து ஜெபம் தொடங்கவே நேரமாகிவிட்டது.

நாமும் சேர்ந்தே கேட்போம். இருபதாம் தேதி ஞாயிறு, காலை ஆறு மணி. நீங்கள் அங்கே நாலு பேரோடு, நான் இங்கே நம் கூட்டத்தோடு. சரியா?

உங்கள்
டீச்சரம்மா

மார்ச் 9

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். மூன்று இரும்புக் கேட்டுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. பொறி தெறித்து நீ எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையில் ஓட்டை. திட்டாதே.

ஆண்டவருடைய காரியத்தை ஓட்டெடுப்புக்கு விடச் சொல்கிறாயா? ஆபிரகாமை அழைத்தபோது கூட்டம் போட்டா அழைத்தார்? ஆனாலும் உன் ஆசைக்குத் தடை சொல்லவில்லை. பட்டறை இடத்துக்குச் சொந்தக்காரரான கார்பெண்டர் அண்ணனும் அவர் சம்சாரமும் ஜெபிக்கிறவர்கள். அவர்களோடு உட்காருகிறேன். எனக்குச் சொன்னதையேதான் உங்களுக்கும் சொல்லப்போகிறார், பார். ராஜினாமாக் கடிதத்தை எழுதியே வைத்துக்கொள்.

பாப்பாவுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

மார்ச் 14

அன்பான என் வீட்டுக்காரருக்கு,

ஆபிரகாமைச் சொன்னீர்களே, சாராள் சொல்வதைக் கேள் என்று அவருக்கே தேவன் சொன்ன இடத்தையும் கொஞ்சம் வாசித்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் இருபத்தொன்று. பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. உங்கள் ஜெபம் எனக்குத் தெரியாததா? பாதி நேரம் ஆண்டவருக்கு நீங்களே வழி சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அன்றைக்கு மட்டும் பதிலையும் சேர்த்துச் சொல்லாமல், கேள்வியை மட்டும் வையுங்கள். நானும் "இங்கேயே இருக்க விடும்" என்று கேட்கமாட்டேன். கூடி ஜெபிக்கிற எங்கள் எல்லோர் மனதிலும் "போ" என்று வந்தால், திங்கட்கிழமையே ராஜினாமா. அழுதுகொண்டேயாவது பெட்டி கட்டிவிடுவேன்.

எனக்குப் பயமே இல்லை. நம் இரண்டு பேரையும் தெரிந்த ஆண்டவர்தானே.

உங்கள்
டீச்சரம்மா

மார்ச் 20, ஞாயிறு

என் அன்பானவளுக்கு,

ஆறு மணிக்கு மூன்று பேரும் முழங்கால் போட்டோம். நான் தொடங்குமுன் கார்பெண்டர் அண்ணன் சம்சாரம் ஒன்று கேட்டார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "தம்பி, கர்த்தர் சொன்னாருன்னு சொன்னீங்களே, என்ன வார்த்தை சொன்னாரு? அதையே சொல்லி ஜெபிப்போம்."

பைபிளை எடுத்தேன். வசனத்தைத் தேடினேன், இல்லை. ஞாபகத்துக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். எனக்குக் கீழே வேலை பழகியவனைச் சூப்பர்வைசராக்கி அறிவிப்புப் பலகையில் பெயர் ஒட்டிய நாள். அன்றைக்குத்தான் நான் தொழிற்சாலையை விட்டு வந்தேன். அவமானமாக இருந்தது என்று உன்னிடம் சொல்ல வெட்கம். கர்த்தர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவர் பேரைப் போட்டால் நீ கேள்வி கேட்கமாட்டாய் என்று தெரியும்.

அப்படியே அவர்களிடமும் சொல்லி அழுதுவிட்டேன். அண்ணன் தோளில் கைபோட்டு, "எங்களுக்கும் இது நடந்திருக்கு தம்பி, வாங்க, முதல்ல இருந்து கேப்போம்" என்றார். அரைமணி நேரம் சும்மாவே இருந்தோம். என் வாழ்நாளில் இவ்வளவு நேரம் பேசாமல் ஜெபித்ததில்லை.

ராஜினாமா எழுதாதே. எழுதியிருந்தால் கிழித்துப் போடு. பட்டறையை மூடுவதா, அந்தப் பக்கம் கொண்டுவருவதா, எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதவே நிம்மதியாக இருக்கிறது. புதன்கிழமை பஸ் ஏறுகிறேன். வியாழன் கூட்டத்தில் இதை நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

அதற்குமுன் நாம் இரண்டு பேர் மட்டும் உட்காரவேண்டும். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். இந்தக் கேள்வியை ஒரு தடவைகூட உன்னிடம் கேட்டதில்லை. உனக்கு என்னம்மா தோணுது?

உன்
வீட்டுக்காரன்