அக்காவின் வண்டிக்கு ஒரு மாப்பிள்ளை

மார்ச் 4

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் கார் மட்டும் அசௌக்கியம்.

ஃபோன் சிக்னல் எட்டாத மலை உச்சியில், வானிலை நிலையத்தில் மேகம் எண்ணும் வேலைக்குப் போனதே என் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் என்று எனக்குத் தெரியும். தபால் என்று ஒன்று இருக்கிறதே, மாட்டிக்கொண்டாய்!

விஷயத்துக்கு வருகிறேன். நம் குடியிருப்புச் சங்கச் செயலாளர், அதுதான் நம்ம 'விசில்', கார் நிறுத்தும் அடித்தளத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார். மே மாதம் பத்தாம் தேதி சங்கக் கூட்டம். அன்று மாலை எல்லோர் முன்னாலும் ஒவ்வொரு வண்டியையும் கிளப்பி வெளியே கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம். முடியாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. இடம் போனால் வண்டியை விற்பதைத் தவிர நமக்கு வழி ஏது?

"ஓடுற வண்டிக்குத்தான் இடம் பாப்பா, தூங்குற வண்டிக்கு இல்ல" என்றார்.

"அப்ப வாட்ச்மேன் அண்ணனோட நாற்காலியையும் எடுத்துடுவீங்களா அங்கிள்?" என்று கேட்டேன். பதிலுக்கு விசில் மட்டும் வந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. நீ போனதிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் தினமும் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைத்தேன். வண்டிக்கு உடற்பயிற்சி! நேற்று சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றது. மறுபடி திருப்பினேன். மறுபடி 'டிக்'. பாட்டரிக் கடைக்காரர் சோதித்துவிட்டு, "உயிர் இல்லம்மா, சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிடு" என்றார். சொல்லி அனுப்பிவிட்டேன்.

அப்பாவோ, "ஓட்டத் தெரியாத வீட்டுல எதுக்குடி காரு? அவ வண்டி, அவ பாடு" என்கிறார். நீ வாங்கிய அன்று பேசிய அதே வசனம், கமா கூட மாறவில்லை. நீயும் அவருக்கு ஒரு வரி எழுதுவதில்லை, அவரும் எழுதுவதில்லை. நடுவில் நான் மத்தளம்.

எனக்குப் பதினெட்டு வயதானதும் இந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றுத் தருவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாய். ஞாபகம் இருக்கட்டும். உடனே வழி சொல்லு.

உன் வாலு


மார்ச் 15

செல்ல வாலுக்கு,

உருளைக்கிழங்கு மூட்டையோடு உன் கடிதமும் வந்து சேர்ந்தது. இரண்டுமே கனம்.

பாட்டரியைக் கொன்றது நீதான். எஞ்சினைக் கிளப்ப அது ஒரு குடம் கொடுக்கிறது. ஐந்து நிமிடத்தில் எஞ்சின் அதற்குத் திருப்பி ஊற்றுவது ஒரு டம்ளர். தினமும் இப்படி இறைத்தால் கிணறே வற்றிவிடும். போகட்டும், புதிது வாங்கு.

பழையதையும் கையோடு கடைக்குக் கொண்டுபோ. அதே அளவு இருக்க வேண்டும். பிளஸ் முனை அதே பக்கம் இருக்கிறதா பார், இல்லாவிட்டால் கேபிள் எட்டாது. அமிலம் உள்ளே பஞ்சில் ஊறியிருக்கும் 'ஏ.ஜி.எம்.' வகையைக் கேள். சும்மா கிடந்தாலும் அதில் சார்ஜ் மெதுவாகத்தான் இறங்கும். தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்கு. கடையிலேயே தூங்கி எழுந்ததை உன் தலையில் கட்டிவிடப் போகிறார்கள். அந்த வகைக்கான சார்ஜரும் வேண்டும்.

வண்டியில் மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். மாட்டியபின் மைனஸ் கேபிளை மட்டும் கழற்றியே வை. கடிகாரம், அலாரம் எல்லாம் கொசு மாதிரி சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை மீட்டர் வைத்து அள. பன்னிரண்டரை வோல்ட்டுக்குக் கீழே போனால் வீட்டுக்குத் தூக்கிப்போய் சார்ஜ் போடு. அடித்தளத்தில்தான் பிளக் பாயின்ட் கிடையாதே.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். என் முதல் வண்டி. வீட்டு வாசலில் நிறுத்தி, எல்லோரையும் ஏறச் சொன்னேன். அவர் ஏறவில்லை. அதற்கு மேல் நான் என்னடி எழுதுவது?

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 18

அன்பு அக்காவுக்கு,

வீட்டுக்குப் புது மாப்பிள்ளை வந்தாயிற்று. போன மாதம்தான் பிறந்தவன், நல்ல கனம், கறுப்பு நிறம், பேச்சு கிடையாது. சார்ஜ் போடுவதற்காக ஒருநாள் கூடத்து மூலையில் உட்காரவைத்தேன். அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வேலை வெட்டி கிடையாது, ஆனா வேளாவேளைக்கு மட்டும் வேணும். வீட்டோட மாப்பிள்ளையேதான்" என்றார். பெயர் நிலைத்துவிட்டது.

மைனஸைக் கழற்றி வைத்திருக்கிறேன். நம் வீட்டு மைனஸ் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், அவரைக் கழற்ற முடியாது.

ஆனால் ஒரு மர்மம். இந்த வாரம் அளந்தால் மாப்பிள்ளை இளைத்திருக்கிறான். கழற்றி வைத்த கேபிளை யாரோ மாட்டித் திரும்பக் கழற்றியிருக்கிறார்கள்! நான் கேபிள் முனையில் துணி சுற்றி வைப்பேன். அந்தத் துணி இப்போது தலைகீழாக இருக்கிறது. பேய் என்றால் ஸ்பேனர் பிடிக்குமா? எல்லாம் விசிலின் சதி. கூட்டத்தன்று நம் வண்டி 'டிக்' என்று சொல்ல வேண்டும், இடத்தைத் தன் மச்சானுக்குக் கொடுக்க வேண்டும், அதுதான் திட்டம்.

விடுவேனா? ஸ்பேனரின் கைப்பிடியில் வாஸ்லினும் நீல மையும் குழைத்துத் தடவி வைக்கப்போகிறேன். தேய்த்தாலும் போகாது. நீலக் கை யாருடையதோ, அவரே வில்லன்.

துப்பறியும் வாலு


ஏப்ரல் 28

வாலு,

மை கைப்பிடியோடு நிற்கட்டும், பாட்டரி முனையில் படக்கூடாது.

அப்புறம், விசிலிடம் சண்டைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் யோசி. பானட்டைத் திறக்கும் பிடி காருக்குள் இருக்கிறது. காருக்குள் போகச் சாவி வேண்டும். சாவி நம் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

அக்கா


மே 11

அக்கா! அக்கா! அக்கா!

நடந்ததை அப்படியே எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

நேற்று, கூட்டத்தன்று காலை, கீழே போனேன். காரின் சின்ன விளக்குகள் அழுதுவடிந்து எரிந்துகொண்டிருந்தன. கேபிள் மாட்டியபடியே இருந்தது. மீட்டர் பன்னிரண்டைக் கூடத் தொடவில்லை. ஸ்பேனரில் மை கலைந்திருந்தது. மேலே ஓடினேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் முழுக்க நீலக் கைரேகை. காதில்கூட ஒன்று.

"அப்பா, கையைக் காட்டுங்க."

"பேனா ஒழுகிடுச்சு."

"பேனாவைக் காட்டுங்க."

பேப்பரை மடித்து வைத்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். பேனா இல்லை அக்கா. டிரைவிங் லைசென்ஸ்! புதுசு, இன்னும் பிளாஸ்டிக் வாசனை கூடப் போகவில்லை. காலையில் நடைப்பயிற்சி என்று கிளம்பியதெல்லாம் டிரைவிங் ஸ்கூலுக்குத்தான்.

"வாத்தியார் 'கை பழகணும் சார்'னாரு. அதான் அப்பப்ப உட்கார்ந்து இண்டிகேட்டர், வைப்பர், விளக்குன்னு போட்டுப் பார்ப்பேன். நேத்து அணைக்க மறந்துட்டேன் போலிருக்கு."

"இதுல எதுக்குப்பா ரகசியம்?"

"உங்கக்கா அன்னைக்கு 'முன்னாடி வந்து உட்காருங்கப்பா'ன்னு கூப்பிட்டா. எனக்கு அந்த பெல்ட் எப்படி மாட்டுறதுன்னுகூடத் தெரியாது. பெத்த பொண்ணு முன்னாடி அசடு வழியணுமேன்னு, வண்டி எதுக்குன்னு கத்திட்டேன். கத்துறதுக்குக் கத்துக்க வேண்டியதில்ல பாரு."

ஈரத்துணி எடுத்துவந்து அவர் காதைத் துடைத்தேன், நீலம் போகவில்லை.

அப்புறம் என்ன, நானும் அப்பாவும் மாப்பிள்ளையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேலே தூக்கிவந்தோம். பகல் முழுக்க சார்ஜ். அம்மா மிக்ஸிகூடப் போடவில்லை. "அவனுக்குப் போற கரண்ட்டு குறைஞ்சிடும்" என்றார். அப்படியெல்லாம் குறையாது என்று சொல்ல எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை. மாலையில் சார்ஜரில் பச்சை விளக்கு வந்தது. பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில், நீ சொன்னபடியே மாட்டினேன்.

அடித்தளத்தில் மொத்தக் குடியிருப்பும் நின்றது. நம் முறை வந்ததும் விசில் சிரித்தார். "யாரு ஓட்டப்போறது? வாடகைக்கு டிரைவர் பிடிச்சிருக்கீங்களா?"

அப்பா ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டை ஒரே இழுப்பில் மாட்டினார். சாவியைத் திருப்பினார்.

'டிக்' இல்லை. உர்ர்ர்ர் என்று ஒரே பிடியில் எழுந்தது!

ஆனால் வெளியே போகும் சரிவில் ஏறும்போது, பாதியில் எஞ்சின் அணைந்துவிட்டது. வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டது. கூட்டம் "ஐயையோ" என்றது. விசில், ஊதுவதற்கு வாயில் விரலை வைத்துவிட்டார். அப்பா பிரேக்கை அழுத்தி நின்றார், கை பிரேக் போட்டார், கண்ணாடியில், பின்னால் கூட்டத்தோடு நின்ற என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை தாங்குவான்பா, திருப்புங்க!" என்று கத்தினேன். திருப்பினார். தாங்கினான்! கிளட்ச்சை மெல்ல விட, வண்டி எறும்பு மாதிரி சரிவில் ஏறி, வெளிச்சத்துக்குப் போய்விட்டது.

கைதட்டல் அக்கா, கைதட்டல்! வாட்ச்மேன் அண்ணன் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். நின்றே விட்டார், யோசித்துப் பார்! நிறுத்தத் தெரிந்தும் அப்பா நிறுத்தவில்லை, வளாகத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டுத்தான் இறங்கினார். விசில் பெயர்ப்பட்டியலில் நமக்கு எதிரே ஒரு 'சரி' போட்டார்.

அப்பா கையில் நீலம் இன்னும் போகவில்லை. பால்காரர் கேட்டாராம். "கார் வேலைப்பா" என்று விரலை விரித்துக் காட்டினாராம்.

வெற்றி வாகை சூடிய
வாலு


மே 20

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த முறை உங்களுக்கு எழுதுகிறேன். வாலு பிரித்துப் படித்தால் காதைத் திருகுங்கள்.

ஜூன் முதல் வாரம் எனக்கு விடுமுறை. எப்போதும் தபால் வண்டியில்தான் இறங்குவேன். இந்த முறை அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மலைப்பாதையில் வளைவுகள் அதிகம், ஒவ்வொன்றிலும் ஹாரன் அடிக்க வேண்டும், ஏற்றத்தில் இரண்டாவது கியரே போதும். காலையிலேயே கிளம்பினால் மலைக்கு வந்து சேர்வதற்குள் மூடுபனி விலகியிருக்கும்.

வந்து என்னைக் கூட்டிப்போங்கள் அப்பா. வாசலில் நிற்பேன்.

உங்கள் மகள்