ஒவ்வொன்றாகக் கேளுங்கள்

அன்புள்ள அத்தானுக்கு,

போனில் சொன்னால் பிள்ளை டிலானிக்கும் கேட்டுவிடும். இந்த ஒற்றை அறை லயத்துக் காம்பராவில் எங்கே போய் ரகசியம் பேசுவது? அதனால் எழுதுகிறேன்.

‘செருப்பப் போட்டுட்டு தண்ணிப் போத்தல எடு’ என்றால், செருப்பைப் போட்டுவிட்டு அப்படியே நிற்கிறாள். நீங்கள் நினைப்பதுபோல் அது திமிர் இல்லை.

கிளினிக் டாக்டர் சொன்னார்: ‘வயித்துல இருக்கிற கடைசி மாசங்கள்லதான் மூளை வேகமா வளரும். இவள மாதிரி ஏழாம் மாசமே பொறந்த சில பிள்ளைங்க இப்படித் தடுமாறுவாங்க. ஒவ்வொன்னா சொல்லுங்க, செய்வா.’

செய்கிறாள். நீங்கள் கொழும்பிலிருந்து அனுப்பிய மந்திரித்த நூலைக் கட்டவில்லை. சாமி படத்தில் தொங்குகிறது.

இனிமேல் போனில் சாப்பாடு, படிப்பு, வாய்ப்பாடு என்று ஒரே மூச்சில் கேட்காதீர்கள். ஒன்று கேட்டு, பதில் வரும்வரை பொறுங்கள்.

அவள் உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள்: ‘அப்பா, எப்ப வருவீங்க?’

அதற்கே இன்னும் பதில் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா