குளக்கரைக்குப் போகாத பெண்கள்

கோட்டைமேடு,
கோயம்புத்தூர்.
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஃபஹீமாவுக்கு அத்தா ஸலாம் சொல்லி எழுதுவது.

வீட்டில் குறை ஒன்றும் இல்லை. உன் அம்மாவின் மூட்டுவலி இந்த வாரம் பரவாயில்லை. உன் தம்பி ரைஹான் பரீட்சை முடிந்து பகலெல்லாம் தூங்குகிறான். எனக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். உப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவருக்கு எப்படி விளக்குவது?

போனில் சொன்னால் நான் கத்துவேன். நீ சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவாய். உன் அம்மா பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்து அமுக்குவாள். அதனால்தான் எழுதுகிறேன். கடைசிவரை படி. கோபத்தில் எழுதியது என்று ஒதுக்காதே. கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனால் யோசித்து எழுதுகிறேன்.

உன் முதுகலை ஆய்வேட்டிலிருந்து நீ அனுப்பிய அத்தியாயத்தையும், அதைப் பாராட்டி உன் பேராசிரியை எழுதிய மின்னஞ்சலையும் படித்தேன். உன் அம்மாவுக்கு ரைஹான் அதைத் தமிழில் சொன்னான். நீ ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததும் முனைவர் பட்டத்துக்கான இடம் உனக்குத்தான் என்று அந்த அம்மாள் எழுதியிருக்கிறார். இதே கோட்டைமேட்டுப் பெண்களைப் பற்றியே தொடர வேண்டுமாம், ஒரு வருடம் இங்கேயே வந்து தங்க வேண்டுமாம். அன்றைக்கே உன் அம்மா தெருவெல்லாம் ஃபிர்னிப் பாயசம் கொடுத்தனுப்பினாள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. நான் சாப்பிடவில்லை.

நீ பதினோரு பெண்களைப் பேட்டி கண்டிருக்கிறாய். பதினோரு பேரும், கலவரமும் குண்டுவெடிப்பும் நடந்த அந்த நாட்களுக்குப் பிறகு உக்கடம் குளக்கரைப் பக்கமே போவதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அதுவும் ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில். உன் பேராசிரியை அதைக் கூட்டு நினைவு என்கிறார். ஒரு சமூகமே ஒரே குரலில் பேசுவதைத் தன் முப்பது வருட அனுபவத்தில் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லையாம். ஒருத்தி 'மேற்கூறிய காரணங்களால்' என்று சொன்னதை நீ அடிக்குறிப்பில் விளக்கியிருக்கிறாய். வேதனை தாங்காமல் அந்தப் பெண் எழுத்துத் தமிழின் பின்னால் ஒளிந்துகொள்கிறாளாம். கண்ணு, நம் தெருவில் 'மேற்கூறிய' என்று பேசுகிற பெண்ணை நீ எங்கே பார்த்தாய்?

வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு நேராகக் குளக்கரைக்குப் போனேன். நடைபாதையில் காலெடுத்து வைக்க இடமில்லை. மசால் பூரிக் கடைக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் உன் அம்மாவின் அக்கா சாஜிதா பேகம், அவர் மருமகள் மிஸ்பா, இன்னும் நாலைந்து பேர். பர்தாவில் சாஸ் கொட்டிவிட்டது என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் உன் ஆய்வேட்டில் இருப்பவர்கள்தான். எல்லோரும் குளக்கரைக்கே வராதவர்கள்.

உன் பெரியம்மா என்னைப் பார்த்ததும், "ஏனுங்க தம்பி, பாப்பா பாஸ் ஆயிட்டாளுங்களா?" என்றார்.

நீங்கள் யாரும் இந்தப் பக்கமே வருவதில்லை என்று பாப்பா எழுதியிருக்கிறாளே என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை.

"அது பரீட்சைக்குச் சொன்னதுங்க தம்பி."

பிறகு முழுக்கதையும் வந்தது. நீ ஊருக்கு வருவதற்கு முன்னால், திடீரென்று கேட்டால் யாரும் தடுமாறக் கூடாது என்று கேள்விகளைப் பெரியம்மாவின் வாட்ஸப்புக்கு அனுப்பி வைத்தாய் அல்லவா? அதை அவர்கள் என்னவென்று எடுத்துக்கொள்வார்கள்? கேள்வித்தாள் முன்கூட்டியே கையில் கிடைத்துவிட்டது என்றுதானே? மிஸ்பா பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறவள். விடுவாளா? மதியம் எல்லோரையும் பெரியம்மா வீட்டில் உட்கார வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் மாதிரி விடை தயாரித்து, மனப்பாடம் ஆகும்வரை சொல்ல வைத்திருக்கிறாள். என்னிடம் அதைச் சொல்லும்போது அவளுக்குப் பெருமைதான்.

"எல்லாம் அஞ்சு மார்க் கேள்வி மாதிரி இருந்துச்சுங்க சின்னத்தா. ரெண்டு வரி சொன்னா யாரு மார்க் போடுவா?"

விடை ஏன் அப்படிச் சோகமாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். உன் பெரியம்மா பூரித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"டிவிக்காரங்க, காலேஜ்காரங்க எத்தனை பேரு வந்து கேட்டுட்டுப் போனாங்க. நல்லா இருக்கோம்னு சொன்னவளை எவன் தம்பி காட்டினான்? அழுதவளைத்தானுங்களே காட்டினான். நம்ம புள்ளை ஒத்தையா அத்தனை தூரத்துல கெடக்குது. பதில் சொல்றதுலயாச்சும் நாம கொறை வைக்கலாமுங்களா?"

அவர்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை, வரவும் முடியாது. பாசத்தில் செய்தார்கள். இத்தனை வருடம் வந்து போனவர்கள் கற்றுக்கொடுத்த பாடத்தை உனக்காகத் திருப்பி ஒப்பித்தார்கள். என் கோபம் உன்மேல்.

ஏனென்றால் உனக்குத் தெரியும். பேட்டி எடுத்த அன்று சாயங்காலம் பதிவை நிறுத்திவிட்டு, அதே பெண்களோடு நீயும் குளக்கரைக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டாய். மிஸ்பாவின் போனில் படம் இருக்கிறது. நீ நடுவில் நிற்கிறாய். திரும்பிப் போய், இவர்கள் குளக்கரைக்குப் போவதில்லை என்று எழுதினாய். மைக்கில் பேசுவது ஆய்வு, அதற்குப் பிறகு நடப்பது குடும்பம் என்று பிரித்து வைத்தாயா? அல்லது உன் பேராசிரியைக்கு எது பிடிக்கும் என்று நீயும் தெரிந்துவைத்திருந்தாயா? இரண்டாவதாக இருந்தால் நீயும் மிஸ்பாவின் வகுப்பில் உட்கார்ந்தவள்தான்.

பயமே இல்லை, காயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நான் பாடம் எடுக்கும் காலேஜ் பக்கத்தில் வீடு பார்க்கப் போனபோது நீயும் கூட வந்தாயே. வீட்டுக்காரர் நம்மை உட்கார வைத்துக் காபி கொடுத்தார், உன் படிப்பை விசாரித்தார். என் பெயரைக் கேட்டதும், "தப்பா நெனச்சுக்காதீங்க சார், இப்பத்தானுங்க இன்னொருத்தருக்குச் சொல்லிப்போட்டோம்" என்றார். கேட் வரை வந்து வழியனுப்பினார். வாடகைக்கு விடப்படும் என்ற பலகை அதற்கப்புறம் மூன்று மாதம் அதே கேட்டில் தொங்கியது. நான் தினமும் அந்த வழியாகத்தான் போய்வந்தேன். இவ்வளவு மரியாதையாக ஒரு மனிதனை வெளியே நிறுத்தும் கலை நம் ஊரில்தான் உண்டு. இதைப் பற்றி உன் கேள்விகளில் ஒன்றுகூட இல்லை. குளமும் குண்டும் கண்ணீரும்தான் இருக்கின்றன. உண்மையில் நடந்ததை விட்டுவிட்டு, வெளிநாட்டிலிருந்து பார்த்தால் அழகாகத் தெரிவதை எழுதியிருக்கிறாய்.

சரி, இந்தத் தலைப்பு உன்னுடையதா? அதைச் சொல். வட்டார ஆய்வு முதுகலை என்றால் உலகத்தின் ஏதாவது ஒரு பகுதியை எடுத்து, அதன் மொழி, வரலாறு, அரசியல் எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பது என்று எனக்கு விளக்கியவளே நீதான். நீ எடுத்தது போலந்து. அங்கே வூச் என்று ஒரு ஊர், வரைபடத்தில் எழுதியிருப்பதற்கும் சொல்வதற்கும் சம்பந்தமே இல்லை என்று சிரித்தாய். நம் ஊரைப் போலவே பஞ்சாலை ஊர், நம் ஊரைப் போலவே ஆலைகள் மூடப்பட்ட ஊர். அந்த ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று எழுதப்போவதாகச் சொன்னாய். அதற்காக ஒன்றரை வருடம் போலிஷ் படித்தாய். குளிக்கும்போதுகூட வினைச்சொற்களை ஒப்பிக்கிறேன் என்றாய். நான் அதைக் காலேஜில் எல்லோரிடமும் சொன்னேன். என்னைப் பிடிக்காதவர்களிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அப்புறம் உன் பேராசிரியை, உன் போலிஷ் போதாது, உன் ஊரில் உனக்குத் திறக்கும் கதவுகள் வேறு யாருக்கும் திறக்காது என்று சொல்ல, நீ தலையை ஆட்டிவிட்டாய்.

யோனாஸ் ஞாபகம் இருக்கிறதா? உன் துறையிலிருந்து வந்த ஜெர்மன்காரப் பையன், நம் வீட்டில் தங்கிப் பல்லடத்து விசைத்தறிகளைப் பற்றி ஆய்வு செய்தான். மூன்று மாதத் தமிழ். 'வணக்கம், சாப்பிட்டீங்களா' என்பதற்கு மேல் அவனுக்கு எதுவும் வராது. தறிக்குடோனுக்குள் அவன் நுழைந்தால் இளநீர் வெட்டுவார்கள், தமிழ் பேசுகிறாரே என்று கைதட்டுவார்கள். கேள்வியைக் கேட்டதும் நான், பதிலை மொழிபெயர்த்ததும் நான். அவன் தமிழ் போதாது என்று யாரும் அவனை அவன் ஊருக்குத் திருப்பி அனுப்பவில்லை. பட்டம் வாங்கிவிட்டான். நன்றியுரையில் நான் 'உள்ளூர் நண்பர் ஒருவர்'. பெயர்கூட இல்லை. அவன் பல்லடத்துக்கு வந்தால் அது ஆய்வு. நீ வூச்சுக்குப் போனால் உனக்கு அங்கே என்ன வேலை என்கிறார்கள். இதை எந்தக் கூட்டு நினைவில் சேர்ப்பது?

எனக்கும் இதேதான் நடந்தது. நீ கேள்விப்பட்டிருப்பாய், ஆனால் நான் முழுதாகச் சொன்னதில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய ரொட்டிப் பஞ்சத்தைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு எழுத வேண்டும் என்று என் நெறியாளரிடம் போனேன். படித்த புத்தகங்களின் குறிப்புகளை ஒரு பை நிறைய எடுத்துப் போயிருந்தேன். அவர் பையைத் திறக்கச் சொல்லவே இல்லை.

"யாகூப், உங்களுக்கு எதுக்குங்க பிரான்சு? உங்க ஆளுங்களைப் பத்திப் பண்ணுங்க, சுலபமா முடிஞ்சிரும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். தேநீர்கூட வரவழைத்தார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்களெல்லாம் டாக்டர் ஆனார்கள், துறைத்தலைவர் ஆனார்கள். நான் இன்னும் யாகூப் சார்தான். அவருடைய ஓய்வு விழாவுக்கு நான் போகவில்லை. அவர் இறந்தபோதும் போகவில்லை. அதற்காக வருத்தப்படவும் இல்லை. உன் அம்மா இதைக் கல்மனம் என்பாள். இருக்கட்டும். என் ஆட்களைப் பற்றி எழுத எனக்கு வெட்கம் இல்லை ஃபஹீமா. எழுதினால் அதை மட்டும்தான் எழுத முடியும் என்று இன்னொருவன் முடிவு செய்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். அந்த அத்தியாயத்தைச் சமர்ப்பிக்காதே. பேட்டிகள் எப்படித் தயாரானவை என்பதை உன் பேராசிரியையிடம் நீயே சொல். மிஸ்பாவின் வகுப்பைப் பற்றிச் சொல், ஐஸ்கிரீமைப் பற்றியும் சொல். அந்த அம்மாள் கோபப்படலாம், முனைவர் பட்டத்துக்கான இடம் கைவிட்டுப் போகலாம். போகும் என்றுதான் நினைக்கிறேன். யாரோ ஒருவர் உன்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லாமல் விட்டுவிடுவார், அதை நீ வருடக்கணக்கில் சுமப்பாய். அதெல்லாம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

பிறகு வூச்சுக்குப் போ. இன்னொரு அரையாண்டு ஆனால் ஆகட்டும். அங்கே உன்னை யாருக்கும் தெரியாது. உனக்கு மார்க் விழ வேண்டும் என்று எந்தப் பெரியம்மாவும் கவலைப்பட மாட்டாள். முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்துவார்கள். உன் போலிஷைக் கேட்டுச் சிரிப்பார்கள். நீ மறுபடி தட்டு. அதற்கப்புறம் ஒரு கிழவி உன்னை உட்காரச் சொல்லி ஏதாவது சொன்னால், அது அவள் உனக்குச் சொன்னதாக இருக்கும்.

இங்கே பெரியம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பாப்பா பாஸ் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையை நீதான் சொல்ல வேண்டும். அவர் மனம் நோகாமல் சொல். முடிந்தால், மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்று சொன்னாலும் கேட்டுக்கொள்ள ஒருத்தி இருக்கிறாள் என்று அவருக்குப் புரியும்படி சொல்.

இன்னும் ஒன்று. நீ ஒரு வருடம் வந்து தங்கப்போகிறாய் என்று உன் அம்மா மாடி அறைக்கு வெள்ளை அடித்துவிட்டாள். ஜன்னலுக்குக் கொசுவலையும் ஆகிவிட்டது. நேற்று ஒப்பணக்காரத் தெருவில் திரைத்துணிக்காக நாலு கடை ஏறி இறங்கினாள். அவளிடம் நீ எதுவும் பேச வேண்டாம். நான் சொல்லிக்கொள்கிறேன். பத்து நாளைக்கு என்னோடு பேச மாட்டாள், எனக்கு அது பழக்கம்தான். அந்த அறைக்கு நானும் ஒரு மேசை பார்த்து வைத்திருந்தேன், ஜன்னல் பக்கம் போடுகிற அளவில். கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

அல்லாஹ் உன்னைத் தூரத்திலும் பத்திரமாக வைத்திருக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. எங்கள் இருவருக்கும் வயதாகிறது என்று யாராவது போனில் சொன்னால் காதில் வாங்காதே. வேலையை முடித்துவிட்டு வா. முடிக்காமல் வந்துவிடாதே அம்மா.

துஆவுடன்,
உன் அத்தா
யாகூப்